சீட்டுக்கட்டின் வயதும் ஊரும்

சீட்டுக்கட்டில் அச்சான ஆண்டு இருப்பது அபூர்வம். புத்தகத்தில் பதிப்பு ஆண்டு உண்டு, நாணயத்திலும் ஆண்டு உண்டு. ஆடித் தேய்ந்ததும் குப்பைக்குப் போகிற அட்டைக்கு அது எதற்கு என்று தயாரித்தவர்கள் விட்டுவிட்டார்கள் போலும். அதனால் பழைய கட்டு ஒன்று எங்கே, எப்போது அச்சானது என்று அறிய, அது பிறந்த காலத்தின் வரிச் சட்டம், அஞ்சல் முகவரி, அச்சு இயந்திரம், காகித ஆலையின் ரசாயனம் என்று பல பக்கமும் தேட வேண்டியிருக்கிறது.

தென்சென்னைப் புறநகரில் இந்தக் கேள்வி எழும் இடம் பெரும்பாலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான். பழைய டிரங்க் ரோட்டில் பரப்பி வைக்கப்படும் பழைய சாமான்களுக்கு நடுவே ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக்கட்டும் கிடக்கும். இந்தப் பகுதிக்குச் சீட்டு வந்து சேர வழிகள் அதிகம். பரங்கிமலையும் பல்லாவரமும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து கண்டோன்மென்ட். பல்லாவரத்தில் ஒரு பகுதிக்கு இன்றும் வெட்டரன் லைன்ஸ் என்றே பெயர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தாம்பரம் ரயில்வே காலனி, விமானப்படைத் தளம், 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் விடுதிகள், மீனம்பாக்கத்தில் இறங்கிய பயணிகளின் பெட்டிகள் என ஒவ்வொன்றும் ஒரு வழி. லண்டன் கட்டும் பெல்ஜியம் கட்டும் மும்பைக் கட்டும் ஒரே கோணிப்பையில் இருந்தால் வியப்பில்லை.

காலம் கணிப்பதற்கு அடிப்படை விதி ஒன்றுதான். பெரும்பாலான தடயங்கள் உறுதியாகச் சொல்வது 'இந்தக் கட்டு இன்ன ஆண்டுக்கு முந்தியது அல்ல' என்பதைத்தான். பழைய பாணிப் படங்களும் பழைய எழுத்துருவும் எந்தக் காலத்திலும் திரும்ப அச்சாகலாம்; வராத காலத்தின் அடையாளம் முன்கூட்டியே அச்சாக முடியாது. ஆகவே, கட்டில் உள்ளவற்றிலேயே மிகப் புதிய தடயம் எதுவோ அதுவே வயதைத் தீர்மானிக்கும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் மிகப் பழைய அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுக்கு ஐம்பது வயது கூட்டிவிடுவது வழக்கம்.

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இஸ்பேட் ஏஸ். மற்ற மூன்று ஏஸும் வெறுமையாக இருக்க, இஸ்பேட் மட்டும் இவ்வளவு அலங்காரத்தோடு இருப்பதற்குக் காரணம் வரி. இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்தில், 1711-இல், சீட்டுக்கட்டுக்கு வரி உயர்ந்து கட்டொன்றுக்கு ஆறு பென்னி ஆயிற்று. 1765-இலிருந்து இஸ்பேட் ஏஸை முத்திரைத்தாள் அலுவலகமே அச்சிட்டுத் தந்தது. வரி கட்டியதற்கு அந்த அட்டையே ரசீது. கள்ள ஏஸ் அடிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். 1805-இல் ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் இதற்காகவே தூக்கிலிடப்பட்டார். 1828-இல் வந்த ஏஸ், சுருள்சுருளான வேலைப்பாடு கொண்டது. 'ஓல்டு ஃப்ரிசில்' என்று சேகரிப்பாளர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு ஷில்லிங் வரி என்ற வாசகம் இருக்கும். 1862-இல் வரி மூன்று பென்னியாகக் குறைந்தது, வரிக் குறிப்பு மேலுறைக்கு மாறியது, ஏஸைத் தயாரிப்பாளரே வடிவமைத்துக்கொள்ளலாம் என்றானது. அதற்குப் பின்னும் அலங்காரம் போகவில்லை. நிறுவனத்தின் பெயர்ப்பலகையாக அது நிலைத்துவிட்டது. கடைசியில் 1960 ஆகஸ்டில் அந்த வரியே ஒழிந்தது.

லண்டனில் இருக்கும் ஒருவருக்கு இதிலிருந்து நேரான கணக்கு கிடைக்கிறது. மூன்று பென்னி வரி என்று மேலுறையில் இருந்தால் 1862-க்கும் 1960-க்கும் இடையில். 20-ஆம் நூற்றாண்டுப் பாணிக் கட்டில் வரிக் குறிப்பே இல்லையென்றால் பெரும்பாலும் 1960-க்குப் பின். பல்லாவரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. ஏற்றுமதியான கட்டுகளுக்கு அந்த வரி கிடையாது. அரசே ஏஸ் அச்சிட்ட நாளில் ஏற்றுமதிக்கென்று தனி ஏஸ்கூட இருந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறிய 1920-ஆம் ஆண்டுக் கட்டிலும் வரிக் குறிப்பு இல்லாமல் இருக்கலாம். இங்கிலாந்துச் சேகரிப்பாளர்களுக்காக எழுதப்பட்ட கையேட்டை வைத்துக்கொண்டு இங்கே காலம் கணிப்பவர் முதலில் சறுக்கும் இடம் இது.

வரிக்கு அடுத்தபடி நிறுவனத்தின் பெயர். லண்டன் குடால் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சந்தையின் பெரும்பங்கை வைத்திருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அதை டி லா ரூ வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் டி லா ரூவின் லண்டன் ஆலை குண்டுவீச்சில் அழிந்தபின், லீட்ஸ் நகர வாடிங்டனும் அதுவும் சீட்டுத் தயாரிப்பை ஒன்றாக்கின. ஆகவே ஏஸில் எந்தப் பெயர், எந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது என்பதே ஒரு கால வரம்பைத் தருகிறது. ஆனால் கைமாறிய நிறுவனத்தின் பெயரைப் புது முதலாளி பல ஆண்டுகள் விடாமல் அச்சிடுவதும் உண்டு. பெயர், தொடக்க ஆண்டைக் காட்டும் அளவுக்கு முடிவு ஆண்டைக் காட்டாது.

அமெரிக்கக் கட்டுகளில் வேலை சுலபம். அங்கே சீட்டுக்கான உள்நாட்டு வரி 1862 முதல் 1883 வரையும், பிறகு 1894 முதல் 1965 வரையும் இருந்தது. வரி வில்லை பெட்டியின் மேல்மடிப்பில் ஒட்டப்பட்டது. சின்சினாட்டியின் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இஸ்பேட் ஏஸில் ஓர் எழுத்தும் சில எண்களும் கொண்ட குறியை அச்சிட்டு வந்தது. அந்த எழுத்து ஆண்டைக் குறிக்கும். ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்பி வரும். எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்று நான்கு ஆண்டுகள் போட்டிக்கு நிற்கும். அவற்றில் எது என்பதைப் பெட்டி சொல்லும். அமெரிக்க அஞ்சல் குறியீடான ஜிப் எண் இருந்தால் 1963-க்குப் பின். பார்கோடு இருந்தால் 1970-களின் நடுப்பகுதிக்குப் பின்; கடையில் முதன்முதலாகப் பார்கோடு வருடப்பட்டது 1974 ஜூனில். ஓஹையோ மாநில முகவரி போய் கென்டக்கி மாநில எர்லாங்கர் வந்திருந்தால் 2009-இல் ஆலை இடம் மாறியதற்குப் பின். இந்த நிறுவனத்தின் பைசிகிள் கட்டின் முதுகுப்புறப் படம் நூறாண்டைத் தாண்டியும் பெரிதாக மாறவில்லை. அதைப் பார்த்து வயது சொல்வது பலிக்காது.

பெல்ஜியத்தை நம்மவர்கள் அதிகம் நினைப்பதில்லை. ஆனால் அங்குள்ள டர்ன்ஹவுட் என்ற சிறிய ஊர்தான் ஆசியச் சந்தைகளுக்கு மலிவான சீட்டைக் குவித்தது. பிரெபோல்ஸ், வான் கெனெக்டன், பியர்மான்ஸ் ஆகியவை அங்கிருந்த பெரிய ஆலைகள். மூன்றின் சீட்டுத் தொழிலும் 1970-இல் இணைந்து கார்ட்டா முண்டி ஆனது. இங்கிலாந்துப் படங்களையே போட்டு, ஆங்கிலத்திலேயே ஏஸ் அச்சிட்டு அனுப்பியதால் இவை இங்கிலாந்துக் கட்டு என்றே பலரிடம் விலைபோகின்றன. 'கிரேட் மொகல்' என்ற பெயரும் முகலாயப் பேரரசரின் உருவமும் கொண்ட ஏஸ் இந்தக் குழப்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் தங்கள் முதல்தரச் சீட்டுக்கு மொகல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் மதிப்பைப் பார்த்து பெல்ஜியத்திலும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். முகலாயர் படம் இருப்பதால் இந்தியாவில் அச்சானது என்று எண்ணிவிடக் கூடாது. முகலாயர் அரண்மனையில் உண்மையில் ஆடப்பட்ட கஞ்சிஃபா கையால் எழுதியது, பெரும்பாலும் வட்ட வடிவம், எட்டு வகையில் 96 சீட்டு.

எழுத்தே இல்லாத கட்டிலும் அமைப்பு பேசும். ராஜா முழு உருவமாக நின்றால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோ அதற்கு முன்போ. மேலும் கீழும் இரண்டு தலையாக இருந்தால் அதற்குப் பின். மூலையில் எண்ணும் எழுத்தும் அச்சிடுவது 1870-களில் அமெரிக்காவில் பரவியது. கட்டை விரிக்காமல் லேசாக நெருக்கிப் பிடித்தே பார்க்கலாம் என்பதால் அவற்றுக்கு 'ஸ்குவீசர்' என்று பெயர். ஜோக்கர் அமெரிக்காவில் 1860-களில் யூக்கர் ஆட்டத்துக்காகச் சேர்ந்தவர். கூர்மையான மூலை, மூலையில் எண் இல்லை, முதுகுப்புறம் வெள்ளை, ஜோக்கரும் இல்லை என்றால் உற்சாகப்படலாம். அவசரப்படவும் வேண்டாம், மறு அச்சுகள் இருக்கின்றன.

நாட்டின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதும் உதவும். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதிலிருந்துதான் நாட்டின் பெயர் வழக்கமாகத் தென்படுகிறது. 'ஆக்குபைடு ஜப்பான்' என்றிருந்தால் போருக்குப் பிந்திய சில ஆண்டுகள், 1952-க்குள். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவே. 'எம்பயர் மேட்' என்ற வாசகம் ஹாங்காங்கிலிருந்து வந்த சரக்குகளில் 1950, 60-களில் அதிகம். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில் வெளிநாட்டுக் கட்டு இங்கே கடைவழியாக வந்தது குறைவு. பயணிகளின் பெட்டியிலோ, பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் கடற்கரை நிலையம் அருகே அமைந்த பர்மா பஜார் வழியாகவோ வந்ததுதான் பெரும்பாலும்.

இந்தியக் கட்டுகளுக்கு வேறு உத்தி. இங்கே ஏஸைவிடப் பெட்டிதான் சொல்லும். 1977-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள், தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, விலை ஆகியவற்றைப் பொட்டலத்தில் அச்சிடச் சொல்லின. அந்த விதிப்படி அச்சான பெட்டி கிடைத்துவிட்டால் ஆராய்ச்சியே தேவையில்லை. மாதமும் ஆண்டும் ரப்பர் முத்திரையாகக் குத்தப்பட்டு, கை பட்டு அழிந்திருந்தால் விலையைப் பார்க்க வேண்டும். அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரல் தசம நாணயத்துக்கு முன்போ, பழக்கம் போகாத அடுத்த சில ஆண்டுகளோ. 'நயா பைசா' என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். 'உள்ளூர் வரி தனி' என்றிருந்தால் பழையது. 'அனைத்து வரிகளும் உட்பட' என்பது 1990-களில் பொதுவானது. புதிய ரூபாய்க் குறியீடு 2010 ஜூலைக்குப் பின். பார்கோடு 890 என்று தொடங்கினால், அந்த நிறுவனம் இந்தியாவில் எண் பெற்றது என்று மட்டும் பொருள். அட்டையும் இங்கேதான் அச்சானது என்று அது உறுதி சொல்லாது.

முகவரியின் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அது காலத்தையும் இடத்தையும் ஒருங்கே தருகிறது. 400 என்று தொடங்கினால் மும்பை, 700 என்றால் கொல்கத்தா, 110 என்றால் டெல்லி, 626123 என்றால் சிவகாசி. அந்த முகவரி அச்சகத்துடையதா, விற்றவருடையதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். 'தயாரிப்பு', 'பொதிவு', 'விற்பனை' என்ற மூன்று வரிகளில் முதல் வரிதான் ஊரைச் சொல்வது.

தாம்பரம் வட்டாரத்து முகவரி ஒன்று அச்சாகியிருந்தால், ஒரு கல்லூரியோ மன்றமோ கடையோ அன்பளிப்பாகக் கொடுத்த கட்டு என்றால், அது ஏறத்தாழ நாள்காட்டிக்குச் சமம். 'தாம்பரம், சிங்கிள்பட் மாவட்டம்' என்று பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில் இருந்தால் பழையது. 'மெட்ராஸ்-59' என்று அஞ்சல் வட்டார எண் மட்டும் இருந்தால் பின்கோடுக்கு முன்பு, அதாவது 1972-க்கு முந்தியது அல்லது பழைய அச்சுக்கட்டையை மாற்றாமல் அடித்தது. அதே எண் 'மெட்ராஸ் 600059' என்று ஆறு இலக்கமானால் 1972-க்கும் 1996-க்கும் நடுவே. 'சென்னை 600059' என்றால் 1996-இல் பெயர் மாறிய பின். கிழக்குத் தாம்பரம் 59, மேற்குத் தாம்பரம் 45, குரோம்பேட்டை 44, பல்லாவரம் 43 என்று பழைய எண்களே பின்கோடின் கடைசி இலக்கங்களாக வந்ததால் இந்த ஒப்பீடு சாத்தியமாகிறது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969 ஜனவரிக்கு முன். மாவட்டப் பெயர் இன்னும் நுணுக்கமானது. செங்கல்பட்டு 1997 ஜூலையில் பிரிந்து இந்தப் பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம் ஆனது. அதனால் 'செங்கல்பட்டு மாவட்டம்' என்ற வரி மிகப் பழையதாகவும் இருக்கலாம், நேற்று அச்சானதாகவும் இருக்கலாம். 'தாம்பரம் மாநகராட்சி' என்றிருந்தால் சந்தேகமே இல்லை, 2021-க்குப் பின்.

விளம்பரக் கட்டுகளில் கொடுத்த நிறுவனத்தின் சரித்திரம் வேலை செய்யும். விமான நிறுவனங்கள் பயணிகளுக்குச் சீட்டுக்கட்டு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஏர் இந்தியாவின் மகாராஜா சீட்டுகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 'ஏர் இந்தியா இன்டர்நேஷனல்' என்ற முழுப்பெயர் 1948 முதல் 1962 வரை. பி.ஓ.ஏ.சி. என்றால் 1974-க்கு முன்; அந்த ஆண்டில்தான் அது பிரிட்டிஷ் ஏர்வேஸில் கரைந்தது. 'இம்பீரியல் டொபாக்கோ' என்று இந்திய முகவரியோடு இருந்தால் 1970-க்கு முன், 'இந்தியா டொபாக்கோ' என்றால் 1970-க்கும் 1974-க்கும் இடையில். இவ்வளவு குறுகிய வரம்பு ஏஸிலிருந்துகூடக் கிடைப்பது அரிது.

இத்தனைக்கும் பிறகு அட்டையையே பரிசோதிக்கலாம். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் பத்து மடங்கு லென்ஸ் போதும். எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி, நடுவைவிட ஓரம் கருமையாகத் தெரிந்தால் அது அச்சுக்கட்டையை அழுத்தி அடித்தது. நிறம் தட்டையாக, ஒழுங்கற்ற மணல் போன்ற புள்ளிகளோடு இருந்தால் கல்லச்சு. புள்ளிகள் வட்டவட்டமாகப் பூப்போல் ஒழுங்காக அடுக்கியிருந்தால் நான்கு வண்ண ஆஃப்செட். ஆனால் ராஜா ராணிப் படங்களை இன்றும் தனித்தனி வண்ண மையில் அடிக்கிறார்கள். புள்ளி இல்லாததால் கட்டு பழையதாகிவிடாது. ஜோக்கரையும் முதுகுப்புறத்தையும் பெட்டியையும் பார்ப்பது பயன் தரும். கிழிந்த மூலை ஒன்று இருந்தால் நல்லது: தரமான சீட்டு இரண்டு தாளை ஒட்டிச் செய்தது, நடுவில் ஒளி புகாதபடி கரும்பசை இருக்கும், விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும்.

அடுத்தது, கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கு. காகிதத்தை வெள்ளையாகக் காட்ட ஆலைகளில் ஒளிர்வெண்மைப் பொருள் சேர்ப்பது 1950 வாக்கில் பரவியது. அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். மஞ்சள் பழுப்பை அந்த நீலம் ஈடுகட்டுவதால் தாள் பளிச்சென்று தெரிகிறது. இருட்டறையில் அட்டை நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது 1950-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. இன்றைக்கும் அந்தப் பொருள் சேர்க்காத காகிதம் உண்டு. பழைய கட்டென்று விற்கப்படும் மறு அச்சுகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த விளக்கில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலக் கட்டுகள் உட்படப் பலவற்றை யு.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் முறைப்படி மறு அச்சாக வெளியிட்டிருக்கிறது. மறு அச்சு என்று சொல்லும் கூடுதல் அட்டையை யாராவது எடுத்துவிட்டால் வாங்குபவர் ஏமாறுவார்.

நிறம் மங்கியிருப்பதையும் பழுப்பையும் வயதுக்குச் சான்றாக எடுக்கவே கூடாது, இந்த ஊரில் முக்கியமாக. கடலோரக் காற்றின் ஈரத்தில் அட்டை நீரை உறிஞ்சி வளையும். பூஞ்சையும் காகிதத்திலுள்ள இரும்புத் துகளும் சேர்ந்து பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த அட்டையில் நீர் ஊறிப் பரவும்போது, சிதைந்த காகிதப் பொருளையும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு போய், காயும் எல்லையில் பழுப்புக் கோடாக விட்டுவிடும். அப்படி நனைந்த புதுக்கட்டு ஒன்று, டிரங்குப் பெட்டிக்குள் உலர்ந்து கிடந்த 1930-ஆம் ஆண்டுக் கட்டைவிடக் கிழடாகத் தெரியும்.

கடைசிச் சிக்கல் கலப்படம். சந்தைக்கு வரும்போது பெட்டி ஒரு கட்டுடையது, அட்டை வேறு கட்டுடையது, ஜோக்கர் மூன்றாவதிலிருந்து என்று ஆவது சகஜம். 57 மில்லிமீட்டர் அகல பிரிட்ஜ் கட்டு, 63 மில்லிமீட்டர் போக்கர் பெட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அளவு ஒத்துப்போனால், எல்லா அட்டைகளின் முதுகுப்புற ஓர இடைவெளியையும் மையின் சாயலையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். இஸ்பேட் ஏஸ் மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தால் அது பின்னால் வந்து சேர்ந்தது. அதன் குறியை வைத்துக் கட்டுக்கு வயது சொல்ல முடியாது. ஆகவே பெட்டிக்கும் அட்டைக்கும் தனித்தனியே காலம் குறித்துவிட்டுப் பிறகு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

குறிப்பிலும் ஒற்றை ஆண்டு போடாமல் வரம்பைப் போடுவது முறை. மீனம்பாக்கம் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து வந்த ஏர் இந்தியா இன்டர்நேஷனல் கட்டு என்று வைத்துக்கொண்டால், பெயர் தரும் வரம்பு 1948 முதல் 1962. அட்டை விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் கீழ் எல்லை 1950 வாக்கில் ஏறும். முதுகுப்புறத்தில் போயிங் 707 படம் இருந்தால் அது 1960 வாக்கிற்கு வந்துவிடும். அந்த ஆண்டில்தான் அந்த விமானம் ஏர் இந்தியாவுக்கு வந்தது. பதிவேட்டில் '1960–62' என்று எழுதலாம். இஸ்பேட் ஏஸ் தொலைந்து, பெட்டியிலும் அச்சகத்தின் பெயர் இல்லையென்றால், ஊர் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட வேண்டியதுதான்.